ரோம் நகரைச் சுற்றிப் பார்க்கத் திட்டமிடுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ரோமுக்குக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இடங்களின் பட்டியலில் இருந்துதான் தொடங்குகிறார்கள். கொலோசியம், வத்திக்கான், த்ரெவி நீரூற்று என்று இருபது பெயர்களை எழுதிவிட்டு, அதை நாளுக்கு ஐந்தாகப் பிரித்துப் போடுகிறார்கள். உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் திட்டம் போட்டுக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துவந்ததில் எனக்குத் தெளிவானது ஒன்று: ரோமில் முதலில் பார்க்க வேண்டியது கிழமை. எது எந்தக் கிழமையில் மூடியிருக்கும், எதற்கு நேரம் குறித்த டிக்கெட் வேண்டும் என்ற இரண்டையும் முடிவு செய்துவிட்டால், மீதி இடங்கள் அவற்றைச் சுற்றித் தாமாகவே அமைந்துவிடும்.

நான்கு முழு நாட்கள் தங்குபவர்களை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மூன்று நாட்கள்தான் என்றால் எதை விடலாம் என்பதையும் அந்தந்த இடத்தில் சொல்கிறேன். கட்டணங்கள் அவ்வப்போது கூடும். வாங்கும் முன் அதிகாரபூர்வ தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

1. விசா வரும் வரை எந்த டிக்கெட்டும் வாங்காதீர்கள்

இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் விசா (இத்தாலி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) தேவை. மலேசிய, சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் 90 நாட்கள் வரையிலான சுற்றுலாவுக்கு விசா வேண்டாம், நேராக இரண்டாவது படிக்குப் போகலாம்.

பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். சட்டப்படி கடைசி நாள் 15 நாட்களுக்கு முன்பு. ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம். பரிசீலனைக்கு வழக்கமாக 15 நாட்கள் என்றாலும் 45 நாட்கள் வரை நீளலாம். கோடை விடுமுறைக்குப் போகிறீர்கள் என்றால் நேர்காணலுக்கு நாள் கிடைப்பதே பெரும்பாடு. மூன்று, நான்கு மாதங்களுக்கு முன்பே தொடங்குங்கள்.

பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துப் பாருங்கள். ஷெங்கன் நாடுகளை விட்டு நீங்கள் கிளம்பும் நாளுக்குப் பிறகும் குறைந்தது 3 மாதம் அது செல்ல வேண்டும். கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டிருக்க வேண்டும். இரண்டு பக்கங்களாவது காலியாக இருக்க வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவச் செலவை ஏற்பதாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு விசா கட்டணம் 90 யூரோ. 6 முதல் 12 வயது வரை உள்ள குழந்தைகளுக்கு அதில் பாதி.

பாரிஸ், ரோம் என்று இரண்டு நாடுகள் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குகிறார்களோ அந்த நாட்டின் வழியாகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். "எங்கே சீக்கிரம் நேர்காணல் கிடைக்கிறதோ அங்கே போடலாம்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ஹோட்டல் பதிவுகள் ஒரு கதையும் விண்ணப்பம் இன்னொரு கதையும் சொன்னால் விசா மறுக்கப்படலாம்.

விசாவுக்கு முன்பு ஹோட்டல் பதிவு தேவைப்படும். இலவசமாக ரத்து செய்யக்கூடியதாக மட்டும் போடுங்கள். கொலோசியம், வத்திக்கான் டிக்கெட்டுகளுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். அவை பெயரும் தேதியும் குறித்தவை, பயணம் தள்ளிப்போனால் பணம் திரும்புவது அரிது.

2. எந்த மாதம் போவது

ஏப்ரல், மே மாதங்களும், செப்டம்பர் பிற்பகுதி முதல் அக்டோபர் வரையும் நடப்பதற்கு இதமானவை. கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு மே தோதானது. ஜூலையும் ஆகஸ்டும் வேண்டாம் என்பது என் கருத்து. "வெயில் நமக்குப் பழக்கம்தானே" என்பார்கள். ஆனால் நம்மூர் வெயிலில் நாம் நாள் முழுக்க நிழலில்லாத கல் இடிபாடுகளுக்கு நடுவே நடப்பதில்லை. ஆகஸ்ட் 15 இத்தாலியில் பெரிய விடுமுறை; அதை ஒட்டிக் குடும்பமாக நடத்தும் சின்ன உணவகங்கள் பல வாரக்கணக்கில் மூடிவிடும்.

குளிர்காலத்தில் கூட்டம் குறைவு, வாடகையும் குறைவு. ஆனால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும், கொலோசியமும் மாலை 4:30க்கு மூடிவிடும். அப்போது போகிறவர்கள் திறந்தவெளி இடங்களைக் காலையிலும் அருங்காட்சியகங்களை மாலையிலும் வைத்துக்கொள்ள வேண்டும்.

3. கிழமைக் கட்டம் போடுங்கள்

இதுதான் முழுத் திட்டத்துக்கும் முதுகெலும்பு. ஒரு தாளில் நீங்கள் ரோமில் இருக்கும் நாட்களை, கிழமை பெயரோடு, நெடுக்காக எழுதுங்கள். ஒவ்வொரு நாளையும் காலை, மாலை என இரண்டாகப் பிரியுங்கள். இடங்களை எழுதும் முன் அடிக்க வேண்டியவற்றை அடியுங்கள்.

திங்கள்: போர்கேசே கலைக்கூடம், சான்ட் ஆஞ்செலோ கோட்டை, பழைய துறைமுக நகரமான ஓஸ்தியா அந்திகா மூன்றும் விடுமுறை. கொலோசியமும் வத்திக்கான் அருங்காட்சியகமும் திறந்திருக்கும். மற்றவை மூடியிருப்பதால் திங்களன்று எல்லோரும் வத்திக்கானுக்குத்தான் போவார்கள். ஆகவே திங்கட்கிழமையைக் கொலோசியத்துக்கும் காம்பிதோலியோ குன்றின் மேலுள்ள கேபிடோலின் அருங்காட்சியகத்துக்கும் கொடுங்கள். அது தினமும் திறந்திருக்கும்.

புதன்: போப் ரோமில் இருந்தால் காலையில் மக்களைச் சந்திப்பார். புனித பேதுரு சதுக்கம் நிரம்பிவிடும், பேராலயத்துக்குள் நண்பகல் தாண்டும் வரை விட மாட்டார்கள். போப்பைப் பார்ப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் புதன் காலை அதற்கே. இல்லையென்றால் அந்தக் காலையில் வத்திக்கான் பக்கம் போக வேண்டாம்.

ஞாயிறு: வத்திக்கான் அருங்காட்சியகம் விடுமுறை. மாதத்தின் கடைசி ஞாயிறு மட்டும் காலையில் இலவசமாகத் திறப்பார்கள். இலவசம் என்றதும் ஆசை வரும், ஆனால் வரிசை மதில் சுவரைச் சுற்றிக்கொண்டு நிற்கும். மாதத்தின் முதல் ஞாயிறு கொலோசியம் உட்பட அரசு அருங்காட்சியகங்கள் இலவசம். அன்றைக்கும் அதே கதிதான். 18 யூரோ மிச்சம் பிடிக்க ரோமில் ஒரு முழுக் காலையைக் கொடுப்பது நஷ்டக் கணக்கு.

விடுமுறை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஜூன் 29 ரோமின் காவல் புனிதர்களான பேதுரு, பவுல் திருநாள். அன்றும் ஆகஸ்ட் 15 அன்றும் வத்திக்கான் அருங்காட்சியகம் கிடையாது. ஜூன் 2 குடியரசு தினம். கொலோசியத்துக்குப் போகும் பெரிய சாலையில் ராணுவ அணிவகுப்பு நடப்பதால் காலையில் அந்தப் பக்கம் நெருங்க முடியாது.

இதையெல்லாம் அடித்த பிறகு மிஞ்சும் கட்டங்களில் மூன்றே மூன்றைத்தான் முதலில் எழுத வேண்டும்: கொலோசியம், வத்திக்கான், போர்கேசே. ஒரு நாளுக்கு ஒன்று. கொலோசியத்தையும் வத்திக்கானையும் ஒரே நாளில் வைப்பதுதான் புதிதாகப் போகிறவர்கள் செய்யும் பெரிய பிழை. வரைபடத்தில் பக்கமாகத்தான் தெரியும். ஆனால் கொலோசியம், அதை ஒட்டிய ஃபோரம் என்ற பழைய நகர மைய இடிபாடுகள், பலட்டைன் குன்று மூன்றையும் முடிக்கவே நான்கு மணி நேரம் ஆகும்; அதன் பிறகு வத்திக்கானின் நீண்ட கூடங்களில் கால்கள் ஓய்ந்து, மைக்கேலாஞ்சலோ கூரையில் ஓவியம் தீட்டிய சிஸ்டைன் சிற்றாலயத்தை அடையும்போது நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இருக்காது. அவ்வளவு தூரம் போய் அந்தக் கூரையை அரை மனதோடு பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

மூன்று நாட்கள்தான் என்றால் போர்கேசேயை விடலாம். சிற்பக்கலையில் ஈடுபாடு உள்ளவர் என்றால் அதை மட்டும் விடாதீர்கள்.

4. மூன்று டிக்கெட்டுகள், அவற்றுக்கான வரிசை

கொலோசியம். பயண நாளுக்கு 30 நாட்கள் முன்புதான் அதிகாரபூர்வ தளத்தில் விற்பனை தொடங்கும். சாதாரண டிக்கெட் 18 யூரோ. அரங்கத் தரைக்கும் நிலத்தடிப் பகுதிக்கும் போக வேண்டுமென்றால் தனி வகை டிக்கெட். அவை விற்பனை தொடங்கியதும் தீர்ந்துவிடும். உங்கள் நாள்காட்டியில் அந்த 30ஆவது நாளைக் குறித்து, அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை, ஆனாலும் பதிவு செய்து டிக்கெட் எடுத்தாக வேண்டும்.

டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிடுவார்கள். இங்கேதான் நம்மவர்களுக்குச் சிக்கல். நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயரோ இனிஷியலின் விரிவோ குடும்பப் பெயர் கட்டத்தில் இருக்கும். சிலருக்கு அந்தக் கட்டமே காலி. பழக்கத்தில் இனிஷியலைப் போட்டு "ஆர். குமார்" என்று பதிவு செய்யாதீர்கள். பாஸ்போர்ட்டை எதிரே வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளை அப்படியே நிரப்புங்கள். குடும்பப் பெயர் காலி என்றால் உள்ள பெயரையே இரண்டு கட்டத்திலும் எழுதலாம். 

வத்திக்கான் அருங்காட்சியகம். டிக்கெட் 20 யூரோ, இணையப் பதிவுக் கட்டணம் 5 யூரோ. விற்பனை கொலோசியத்தை விட முன்னதாகவே, ஏறக்குறைய இரண்டு மாதம் முன்பு, தொடங்கிவிடும். அதனால் முதலில் வாங்க வேண்டியது இதுதான். தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பெரும்பாலும் இடைத்தரகர்களுடையவை; அதே டிக்கெட்டை இரண்டு மடங்கு விலைக்கு விற்பார்கள். உண்மையான தளத்தின் முகவரி வத்திக்கான் நாட்டுக்கே உரிய "டாட் வி ஏ" என்று முடியும். கொலோசியத்தின் தள முகவரியில் "கொலோசியோ டாட் ஐ டி" இருக்கும்.

போர்கேசே கலைக்கூடம். முன்பதிவு இல்லாமல் உள்ளேயே விட மாட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு குழு. நேரம் முடிந்ததும் எல்லோரும் வெளியே வர வேண்டும். சில வாரங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். இதை வத்திக்கானோடு சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

ஆக வரிசை: விசா கையில் வந்ததும் வத்திக்கான், போர்கேசே, 30 நாட்கள் இருக்கும்போது கொலோசியம். பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 2023 முதல் நுழைவுக் கட்டணம் உண்டு. அதைப் பயணத்துக்குச் சில நாட்கள் முன்பு எடுத்தால் போதும்.

"வரிசையில் நிற்க வேண்டாம்" என்று விளம்பரம் செய்யும் டிக்கெட்டுகளைப் பற்றி ஒரு சொல். அவை தவிர்ப்பது டிக்கெட் வாங்கும் வரிசையை மட்டும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் எல்லோரும் நின்றுதான் ஆக வேண்டும்.

5. எங்கே தங்குவது

மையத்துக்குள் தங்கினால் அறை வாடகை கூடும், ஆனால் மதியம் அறைக்கு வந்து ஒரு மணி நேரம் படுத்துவிட்டுப் போக முடியும். வயதானவர்களும் குழந்தைகளும் இருக்கும் குடும்பத்துக்கு அந்த ஒரு மணி நேரம் நாளையே மீட்டுத் தரும்.

நான் முதலில் சொல்வது மோன்டி பகுதி. கொலோசியத்துக்கு நடந்தே போகலாம், காவூர் மெட்ரோ நிலையம் அருகில், தெர்மினி ரயில் நிலையமும் தூரமில்லை. அடுத்தது வத்திக்கானை ஒட்டிய ப்ராத்தி: அகலமான தெருக்கள், அமைதி, ஒத்தவியானோ, லெபாந்தோ மெட்ரோ நிலையங்கள். நவோனா சதுக்கத்தைச் சுற்றியுள்ள பழைய பகுதி அழகானது, ஆனால் மெட்ரோ கிடையாது. பெட்டியோடு கற்சாலையில் நடக்க வேண்டியிருக்கும். தெர்மினியைச் சுற்றி வாடகை குறைவு, போக்குவரத்து எளிது. இரவில் சில தெருக்கள் மனதுக்கு ஒப்பாது, அதனால் தெருப் பெயரைப் பார்த்து முந்தைய விருந்தினர்களின் கருத்துகளைப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

பதிவு செய்யும்போது காட்டும் தொகையில் நகர வரி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஆளுக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஹோட்டலின் தரத்தைப் பொறுத்துத் தனியாக வாங்குவார்கள். 10 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு இல்லை. நால்வர் நான்கு இரவு தங்கினால் அது கணிசமான தொகை, செலவுக் கணக்கில் முன்பே எழுதிவையுங்கள்.

6. விமான நிலையத்திலிருந்து நகருக்குள்

ரோமின் பெரிய விமான நிலையமான ஃபியுமிச்சினோவில் இறங்கினால் இரண்டு ரயில்கள் உண்டு. லியோனார்டோ எக்ஸ்பிரஸ் எங்கும் நிற்காமல் 32 நிமிடத்தில் தெர்மினிக்கு வரும், 14 யூரோ. எஃப்.எல். 1 என்ற வட்டார ரயில் 8 யூரோ. அது ட்ரஸ்தேவெரே, ஓஸ்தியென்சே, திபுர்தினா நிலையங்களில் நிற்கும், தெர்மினிக்குப் போகாது. மலிவு என்று ஏறிவிட்டுத் தெர்மினி எப்போது வரும் என்று காத்திருப்பவர்களை அந்த ரயிலில் அடிக்கடி காணலாம்.

மூன்று, நான்கு பேர் பெட்டிகளோடு என்றால் டாக்சியே நல்லது. விமான நிலையத்துக்கும் பழைய நகர மதிலுக்குள் இருக்கும் பகுதிக்கும் நகராட்சி நிர்ணயித்த ஒரே கட்டணம்; ஆள் எண்ணிக்கையோ பெட்டியோ கணக்கில்லை. வரிசையில் நிற்கும் வெள்ளை டாக்சிகளில் மட்டும் ஏறுங்கள். வருகைக் கூடத்தில் "டாக்சி, டாக்சி" என்று வந்து கேட்பவரோடு போக வேண்டாம்.

நகருக்குள் ஒரு சாதாரண டிக்கெட் 1.50 யூரோ, 100 நிமிடம் செல்லும். மெட்ரோவில் ஒருமுறைதான் ஏறலாம். காகித டிக்கெட் என்றால் பஸ்ஸில் ஏறியதும் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். டிக்கெட் கையில் இருந்தும் முத்திரை இல்லையென்றால் 50 யூரோவுக்கு மேல் அபராதம். வங்கி அட்டையைத் தொட்டும் ஏறலாம், ஆனால் ஓர் ஆளுக்கு ஓர் அட்டை. ஒரே அட்டையால் குடும்பத்துக்கே தொட முடியாது.

7. நாட்களை இப்படி அடுக்குங்கள்

வந்து சேரும் நாளில் நேரம் குறித்த டிக்கெட் எதுவும் வைக்காதீர்கள். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் அந்த டிக்கெட் போய்விடும். அன்று மாலை காலாற நடந்தால் போதும்: நவோனா சதுக்கம், அங்கிருந்து ஐந்து நிமிடத்தில் பாந்தியன், பிறகு பத்து நிமிடத்தில் த்ரெவி, முடிவில் ஸ்பானியப் படிகள். படிகளில் உட்காராதீர்கள், 2019 முதல் தடை, அபராதம் உண்டு.

கொலோசிய நாள். திறக்கும் நேரமான 8:30 டிக்கெட்டே சிறந்தது. முதலில் கொலோசியம், அடுத்து பலட்டைன் குன்று, கடைசியில் ஃபோரம். குன்றில் ஏறுவதை வெயில் உச்சிக்கு வருமுன் முடித்துவிட்டு இறங்கிக்கொண்டே ஃபோரத்துக்குள் வருவதற்காகத்தான் இந்த வரிசை. பலட்டைனும் ஃபோரமும் ஒரே வளாகம், ஒருமுறைதான் நுழையலாம். சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று வெளியே வந்தால் திரும்ப விட மாட்டார்கள். கையில் ஏதாவது கொண்டுபோங்கள். கொலோசியத்தில் பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை, வைத்துச் செல்ல அறையும் இல்லை. கண்ணாடிப் பாட்டிலும் கூடாது. ஆகவே அறையைக் காலி செய்யும் நாளில் பெட்டியோடு இங்கே வரவே கூடாது.

வத்திக்கான் நாள். செவ்வாய், வியாழன், வெள்ளி ஏற்றவை. பெரும்பாலோர் அருங்காட்சியகத்தை முதலில் பார்த்துவிட்டுப் பிறகு பேராலயத்துக்கு வருகிறார்கள். நான் மாற்றிச் சொல்வேன். பேராலயம் காலை 7 மணிக்குத் திறக்கும், நுழைவு இலவசம். அந்த நேரத்தில் சோதனை வரிசை அநேகமாக இருக்காது. பத்து, பதினோரு மணிக்கு அதே வரிசை வெயிலில் சதுக்கத்தையே வளைத்து நிற்கும். ஏழு மணிக்கு உள்ளே போய், நுழைந்ததும் வலப்புறம் உள்ள மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலையை (இறந்த இயேசுவை மடியில் ஏந்திய மரியா) கூட்டமில்லாமல் பாருங்கள். முட்டுக்குப் பாதகமில்லை என்றால் குவிமாடம் ஏறலாம்: மொத்தம் 551 படிகள், லிஃப்ட் எடுத்தாலும் 320 படிகள் மிச்சம். கடைசிப் பகுதி குறுகலானது, சுவர் சாய்ந்திருக்கும், நடுவில் திரும்ப முடியாது. இதய நோயாளிகளையும் குறுகிய இடத்துக்கு அஞ்சுபவர்களையும் கீழேயே விடுங்கள்.

அருங்காட்சியகத்தின் வாசல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இல்லை. மதிலைச் சுற்றிக் கால் மணி நேரம் நடக்க வேண்டும். டிக்கெட்டை 10 மணிக்கு மேல் எடுங்கள். உள்ளே பாதை ஏறக்குறைய ஒருவழி: ராபேல் ஓவியம் தீட்டிய அறைகளைத் தாண்டி, முடிவில் சிஸ்டைன். வழியில் எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் முடிவில் களைத்துவிடுவீர்கள். "ஏதென்ஸ் பள்ளி" ஓவியம் இருக்கும் அறைக்கும் சிஸ்டைனுக்கும் பலத்தைச் சேர்த்து வையுங்கள். சிஸ்டைனுக்குள் படம் எடுக்கக் கூடாது. சுவரோரமாக உட்காரும் திண்டுகள் உண்டு. யாராவது எழும் வரை பொறுத்து, உட்கார்ந்துகொண்டு பாருங்கள். கூரை 20 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சின்ன பைனாகுலர் ஒன்று இருந்தால், ஆதாமின் விரலுக்கும் கடவுளின் விரலுக்கும் நடுவே உள்ள இடைவெளி கண்ணெதிரே தெரியும்.

போர்கேசே நாள். காலை 9 மணிக் குழு. நுழைந்ததும் சிற்பி பெர்னீனியின் அப்போலோ, தாஃப்னே சிலையைச் சுற்றி வந்து பாருங்கள்; துரத்தும் அப்போலோவிடமிருந்து தப்ப மரமாக மாறும் தாஃப்னேயின் கதை அது. ஒரு பக்கத்தில் அவள் பெண்; நடந்துகொண்டே மறுபக்கம் வந்தால் விரல் நுனிகள் இலைகளாகிக்கொண்டிருக்கும். பளிங்கு அவ்வளவு மெல்லியதாகச் செதுக்கப்பட்டிருப்பதால் வெளிச்சம் இலைகளில் ஊடுருவும். வெளியே வந்து பூங்கா வழியாகப் பின்சியோ மேட்டுக்கு நடந்தால் கீழே போப்பொலோ சதுக்கம். மாலையில் 8ஆம் எண் ட்ராம் பிடித்து, உணவகங்கள் நிறைந்த பழைய பகுதியான ட்ரஸ்தேவெரேவுக்குப் போகலாம்.

இன்னொரு நாள் இருந்தால், நகருக்குள் மேலும் பத்து இடங்களைத் திணிப்பதை விட ஓஸ்தியா அந்திகாவுக்குப் போங்கள். பிரமிதே மெட்ரோ நிலையத்தை ஒட்டிய போர்த்தா சான் பாவ்லோவில் கிளம்பும் ரயிலில் அரை மணி நேரம்; அதே 1.50 யூரோ டிக்கெட் செல்லும். பழைய துறைமுக நகரம்: தெருக்கள், அடுக்கு வீடுகள், சாப்பாட்டுக் கடை, அரங்கம் என்று எல்லாம் நடந்து பார்க்கும்படி இருக்கின்றன, கூட்டமும் குறைவு.

8. தேவாலயங்கள்: உடை, நேரம், நாணயம்

தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், ஆணானாலும் பெண்ணானாலும். சேலை, சுடிதார் அணிபவர்களுக்குப் பிரச்சினை இல்லை. கையில்லாத ரவிக்கை என்றால் மேலே ஒரு துப்பட்டா. மாட்டிக்கொள்வது அரைக்கால் சட்டையில் வரும் ஆண்கள்தான். பேதுரு பேராலய வாசலில் தயங்காமல் திருப்பி அனுப்புவார்கள்.

பல தேவாலயங்கள் நண்பகல் 12:30 வாக்கில் மூடி, பிற்பகல் மூன்றரை, நான்கு மணிக்குத்தான் திறக்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு தேவாலயங்களைப் பார்க்கலாம் என்ற திட்டம் பூட்டிய கதவில் போய் முடியும். காலை முதல் வேலையாகவோ மாலை ஐந்து மணி வாக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள்.

புகழ்பெற்ற ஓவியர் காரவாஜ்ஜோவின் ஓவியங்களை ரோமில் காசில்லாமல் பார்க்கலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நவோனா சதுக்கத்துக்கு அருகில் சான் லூயிஜி தேய் ஃப்ரான்சேசி தேவாலயத்தில் மத்தேயுவைப் பற்றிய மூன்று, போப்பொலோ சதுக்கத்தின் சாந்தா மரியா தேவாலயத்தில் இரண்டு. சில தேவாலயங்களில் ஓவியங்கள் இருட்டில்தான் இருக்கும். பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. நாணயம் போட்டால் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். சில்லறையாக நாலைந்து நாணயங்களைப் பையில் தனியாக வைத்திருங்கள். விளக்கு எரிந்ததும் படம் எடுப்பதில் அந்த நேரத்தைச் செலவழிக்காமல் கண்ணால் பாருங்கள்.

9. சாப்பாடு, குறிப்பாக சைவர்களுக்கு

மதியம் 12:30 முதல் 2:30 வரை, இரவு 7:30க்கு மேல். இந்த நேரம் தவறினால் நல்ல உணவகங்கள் அடுப்பை மூடியிருக்கும். எப்போதும் திறந்திருப்பவை பெரும்பாலும் சுற்றுலாக்காரர்களுக்கானவை. நேரம் தப்பிவிட்டால் நம்மைக் காப்பாற்றுவது பிட்சா அல் தால்யோ கடை. நீள்சதுரத் தட்டில் இருக்கும் பிட்சாவில் எவ்வளவு வேண்டும் என்று கையால் காட்டினால், கத்தரிக்கோலால் வெட்டி, தராசில் வைத்து, எடைக்கு விலை சொல்வார்கள். பலகையில் எழுதியிருக்கும் விலை 100 கிராமுக்கா ஒரு கிலோவுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சைவர்கள் ரோமில் தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் இறைச்சியும் மீனும் மறைந்திருக்கும் உணவுகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். கார்போனாரா, அமத்ரிச்சானா என்ற இரண்டு பாஸ்தா வகைகளிலும் பன்றி இறைச்சி உண்டு. சுப்ளி என்ற வறுத்த சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் இறைச்சிக் குழம்பு கலந்திருக்கும். பூசணிப்பூ பஜ்ஜி போல ஒன்று வரும். உள்ளே நெத்திலி வைத்திருப்பார்கள். காச்சோ ஏ பெப்பே என்பது பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும் போட்ட பாஸ்தா. மிளகு தாராளமாக இருப்பதால் நம் நாக்குக்கு ஒத்துப்போகும். ஆனால் அதில் போடும் பெக்கோரினோ கட்டியை ஆட்டுக் குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளால் உறைய வைக்கிறார்கள். கண்டிப்பான சைவர்கள் இதை அறிந்து முடிவெடுக்க வேண்டும். பழைய யூதக் குடியிருப்பில் முழுதாக வறுத்துத் தரும் ஆர்ட்டிசோக் என்ற பூமொட்டுக் காய் தவறவிடக் கூடாதது. "சென்ஸா கார்னே, சென்ஸா பெஷே" என்று சொல்லுங்கள். இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம் என்று பொருள். சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் பரவாயில்லை என்று நினைப்பவர்களும் உண்டு.

சமையலறை உள்ள வீடு எடுத்தால், தெர்மினிக்குப் பக்கத்தில் விட்டோரியோ சதுக்கத்தை ஒட்டிய எஸ்குயிலீனோ சந்தைக்குக் காலையில் போங்கள். இந்திய, வங்காளதேசக் கடைகளில் பச்சை மிளகாய், வெண்டைக்காய், பருப்பு எல்லாம் கிடைக்கும்.

காபியை நின்றுகொண்டு குடித்தால் ஒரு விலை, மேசையில் உட்கார்ந்தால் இன்னொரு விலை. புகழ்பெற்ற சதுக்கங்களில் வித்தியாசம் பல மடங்கு. தண்ணீருக்குக் காசு கொடுக்க வேண்டாம். தெருவெங்கும் நாசோனே என்ற வார்ப்பிரும்புக் குழாய்களில் நல்ல குடிநீர் ஓயாமல் ஓடுகிறது. வளைந்த குழாயின் வாயை விரலால் அடைத்தால், மேலே உள்ள சின்னத் துளை வழியாகத் தண்ணீர் வளைவாகப் பீறிடும்; குனியாமல் குடிக்கலாம்.

10. பையும் பணமும்

ரோமில் வன்முறைக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஜேப்படிக்கு அஞ்ச வேண்டும். தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ், மெட்ரோ ஏ வழித்தடம், த்ரெவி முன்புள்ள கூட்டம் ஆகியவை அவர்கள் களம். கதவு மூடும் நொடியில்தான் கை நுழையும், ஏனென்றால் எடுத்தவர் இறங்கிவிடுவார், நீங்கள் உள்ளே இருப்பீர்கள். ஆகவே கதவருகே நிற்காதீர்கள். பாஸ்போர்ட், பணம் இரண்டும் உடைக்கு உள்ளே. முதுகுப் பையை முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். கையில் வண்ணக் கயிறு கட்ட வருபவரிடம் நிற்காமல் நடந்துவிடுங்கள். போர்வீரன் வேடத்தில் படமெடுக்கக் கூப்பிடுபவர் பிறகு பணம் கேட்பார்.

பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தையும் விசாப் பக்கத்தையும் படமெடுத்து மின்னஞ்சலில் வைத்திருங்கள். கொலோசிய நாளில் மட்டும் மூல பாஸ்போர்ட்டைக் கொண்டுபோங்கள். நகலை அங்கே மறுக்கக்கூடும்.

11. கிளம்பும் முந்தைய வாரம்

புதுச் செருப்பு, புது ஷூ வேண்டாம். மையத்தின் தெருக்களில் சம்பியெத்ரினி என்ற சின்னக் கருங்கற்கள் பதித்திருக்கும். மேடு பள்ளமானவை, மழையில் வழுக்கும். ஏற்கெனவே காலுக்குப் பழகிய, தடித்த அடிப்பகுதி உள்ள ஷூவை இரண்டு வாரம் போட்டு நடந்து பாருங்கள். சக்கரம் பெரிதாக இருக்கும் பெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லா டிக்கெட்டுகளையும் கைபேசியில் இறக்கி, ஒரு காகித நகலும் எடுத்து, நாள் வரிசையில் அடுக்குங்கள். கட்டத்தை மீண்டும் ஒருமுறை எடுத்து, ஒவ்வொரு டிக்கெட்டிலும் உள்ள கிழமையும் அதுவும் ஒத்துப்போகிறதா என்று வீட்டில் இன்னொருவரை விட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். போக்குவரத்து வேலைநிறுத்த அறிவிப்புகளையும் பாருங்கள்: இத்தாலியில் ரயில், பஸ் வேலைநிறுத்தங்கள் முன்கூட்டியே தேதியோடு அறிவிக்கப்படும், பெரும்பாலும் வெள்ளிக்கிழமைகளில். நீங்கள் திரும்பும் நாளில் அப்படி ஒன்று வந்தால் விமான நிலையத்துக்கு டாக்சியை முந்தைய இரவே ஹோட்டலில் சொல்லிவையுங்கள்.